நிலவேம்பு விதைக்கு வெயில் வேண்டும்

நிலவேம்பு விதை வாங்கிப் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த மாசம் விதைச்சீங்க?" என்பதுதான். தை கடைசியிலோ மாசியிலோ என்று பதில் வரும். பக்கத்து வீட்டுச் செடியில் காய் முற்றியதும் உருவிக்கொண்டு வந்து, அந்த வாரமே தொட்டியில் தூவியிருப்பார்கள். மண்ணையும் தண்ணீரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் விதை சொத்தை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த விதையில் ஒரு குறையும் இருந்திருக்காது. புதிதாக எடுத்த நிலவேம்பு விதை ஐந்தாறு மாதம் உறக்கத்தில் இருக்கும். அது தெளிகிற வரைக்கும் என்ன உரம் போட்டாலும், எவ்வளவு ஊற்றினாலும் முளைக்காது.

நான் தென்காசிப் பக்கம், கடையநல்லூருக்குக் கிட்டே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2012இல் எங்கள் பகுதியில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் காய்ச்சிக் கொடுத்தது. அதுவரை ஆச்சி மட்டும் அறிந்து வைத்திருந்த செடியின் பெயர் எல்லார் வாயிலும் வந்தது. நாட்டு மருந்துக் கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. நான் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி தண்டு. பழுத்துப் பழுப்பேறிய குச்சிகள், அடியில் கொஞ்சம் இலைத்தூள், கூடவே புல். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராபோலைடு இலையில்தான் அதிகம், தண்டில் குறைவு. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற மருந்தில் என்ன செடி, எந்தப் பாகம் இருக்கிறது என்பதே தெரியவில்லை என்றால் எப்படி? நம் வீட்டுக் கொல்லையிலேயே வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான், இன்றுவரை விடவில்லை.

செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பருவச் செடி இது. முழங்கால் உயரம் முதல் இடுப்பு உயரம் வரை வளரும். தண்டு நான்கு பட்டையாக, சதுரமாக இருக்கும். விரலால் உருட்டிப் பார்த்தாலே மூலை தட்டுப்படும். இலை மிளகாய் இலையைவிட ஒடுங்கல், எதிரெதிரே வரும். பூ சின்னது. வெள்ளை நிறம், கீழ் உதட்டில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருக்கும். எங்கள் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் சிறியாநங்கை என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும் தண்டைத் தொட்டுப் பாருங்கள். அது சதுரமாக இருந்தால் இலையில் ஒரு துளி கிள்ளி நாக்கு நுனியில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குப் போகாத கசப்பு என்றால் செடி சரி.

உறக்கம் பற்றி எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஆச்சிதான். தாய்ச்செடிகள் காய்த்து ஓய்ந்திருந்த சமயம், நான் காயைப் பறித்து வைத்துக்கொண்டு பாத்தி கொத்தப் போனபோது தடுத்தார். "புது விதையப் போட்டா எப்படிம்மா முளைக்கும்? சித்திரை வெயில அது குடிக்கட்டும். சாரல் விழுந்தப்புறம் பாத்துக்கலாம்." அவர் சொன்னதைக் கேட்டேன், ஆனால் உண்மையாக நம்பியது அந்த ஆடியில்தான். தாய்ச்செடி நின்ற இடத்தைச் சுற்றி மாசியிலேயே விதை சிதறிக் கிடந்தது. சித்திரையில் இரண்டு நல்ல மழை பெய்தது. புல் முளைத்தது, குப்பைமேனி முளைத்தது, நிலவேம்பு அங்கொன்று இங்கொன்றாக எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனிக் கடைசியில் சாரல் பிடித்தது. ஒரே வாரத்தில் அந்த இடம் முழுக்க நெருக்கமாக நாற்று. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை.

யோசித்தால் செடியின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. தை, மாசியில் காய் வெடிக்கிறது. அதற்கப்புறம் நான்கு மாதம் காய்ச்சல் வெயில். இடையில் ஒரு கோடை மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால் பங்குனி வெயிலில் அத்தனையும் கருகும், வம்சமே போய்விடும். அதனால் விதைக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. காய்ந்து கிடக்கிற மாதங்களில் அந்தப் பூட்டு மெல்ல மெல்லத் தளர்கிறது. அடுத்த பருவமழைக்கு அது தயார். ஆராய்ச்சி நிலையங்களில் இந்த உறக்கத்தைக் கலைக்க ஜிப்ரலிக் அமிலம் மாதிரியான மருந்துகளைப் பயன்படுத்துவது உண்டு. அது அவர்கள் தேவை. வீட்டுக்குப் பத்துச் செடி வேண்டும் என்கிறவர்களுக்குப் பொறுமை போதும்.

விதை எடுப்பதுதான் இந்த வேலையிலேயே நுணுக்கமானது. அதை நிதானமாகச் சொல்கிறேன்.

நிலவேம்பின் காய் ஒரு விரற்கடை நீளம், இரண்டு முனையும் கூராக, நடுவில் ஒரு பள்ளக் கோட்டோடு நிமிர்ந்து நிற்கும். ஒரு கிளையை எடுத்துப் பார்த்தால் அடியில் பழுப்பான காய், நடுவில் பச்சைக் காய், நுனியில் இன்னும் பூ, எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். அதனால் செடியை மொத்தமாக அறுத்துக் காயவைத்து விதை எடுப்பது சரிப்படாது. அப்படிச் செய்தால் பாதி பிஞ்சாக வரும், அந்தப் பிஞ்சு விதை முளைக்காது. பழுத்த காயை விட்டுவைக்கவும் முடியாது. முழுக்கக் காய்ந்த காய் வெயில் ஏறியதும் "டிக்" என்று வெடித்து விதையை எட்டி எறிந்துவிடும். காயின் உள்ளே ஒவ்வொரு விதைக்கும் கீழே கொக்கி மாதிரி ஒரு சின்ன முள் இருக்கிறது. காய் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும்போது அந்த முள்தான் விதையைத் தெறிக்க விடுகிறது. நண்பகலில் செடிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். சில விதைகள் நம் சேலையில் வந்து விழும்.

ஆக, பச்சை மாறி மஞ்சளும் பழுப்புமாகத் திரும்புகிற காயை, அது வெடிப்பதற்கு முந்தின நிலையில் பிடிக்க வேண்டும். நேரம் காலைதான். பனி ஈரம் இருக்கும்போது காய் கையில் வெடிக்காது. வெயில் ஏறிவிட்டால் தொட்டவுடன் தெறிக்கும். மார்கழி பிறந்ததிலிருந்து மாசி வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு கொல்லைக்குப் போய் ஒரு நடை பார்த்துவிடுவேன். விரலால் காயை மேல்நோக்கி ஒடித்தால் சுலபமாக வரும். பச்சைக் காயை இழுக்காதீர்கள்.

பறித்ததைத் திறந்த சுளவில் பரப்பி வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் முற்றத்தில்தான் விதையைத் தேட வேண்டியிருக்கும். அகலமான பாத்திரத்தில் போட்டு, மேலே வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி வையுங்கள். துணிக்குள்ளே காய் ஒவ்வொன்றாக வெடிப்பது காதில் விழும். இரண்டு மூன்று நாளில் சத்தம் ஓய்ந்துவிடும். அப்புறம் அவிழ்த்துத் தோலை நீக்கிச் சுளவில் மெல்லப் புடைத்தால் விதை அடியில் தங்கும். ஒரு காயில் ஏறக்குறைய பத்து விதை இருக்கும். கடுகளவுதான், ஆனால் உருண்டை இல்லை. சற்றே சதுரமாக, மேலெல்லாம் குழியும் சுருக்கமுமாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். நகத்தால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. வெளிறிப்போய் நசுங்குகிறவை பிஞ்சு, அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம்.

விதை எடுக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மாடியில் ஒற்றைத் தொட்டியில் ஒற்றைச் செடி நின்றாலும் விதை பிடிக்கும். துணைச் செடி தேட வேண்டியதில்லை. தாய் எப்படியோ பிள்ளையும் அநேகமாக அப்படியே வரும். அதனால் எந்தச் செடியில் விதை எடுக்கிறோம் என்பதில் கவனம் வையுங்கள். நான் இலை அடர்த்தியாக, கிளை நிறைய விட்டுப் பரந்து நிற்கிற செடிகளுக்குக் கார்த்திகையிலேயே சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூல் கட்டின செடியை மருந்துக்கு அறுப்பதில்லை. நெட்டையாகப் போய் இலை குறைவாக நிற்பவற்றை எல்லாம் மருந்துக்கு அறுத்துக்கொள்வேன்.

எடுத்த விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, கொஞ்சம் அடுப்புச் சாம்பலோடு கலந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். இந்த விதைக்கு வீட்டின் சாதாரணச் சூட்டிலேயே உறக்கம் தெளிகிறது. எங்கள் வீட்டில் பாட்டில் அடுக்களைப் பரணில் இருக்கும், அடுப்புச் சூடு மேலே படுகிற இடம். எடுத்த மாதத்தை ஒரு தாளில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பாட்டிலுக்கு வெளியே ஒட்டினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும். மறு வருஷமும் அதே விதையைப் போட்டால் முளைக்கத்தான் செய்கிறது, ஆனால் குறைந்து போகிறது. வருஷத்துக்கு வருஷம் புது விதை எடுத்துக்கொள்வது நல்லது.

வைகாசிக் கடைசியில் முளைப்பைச் சோதித்துப் பாருங்கள். இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து, ஒரு தட்டில் வைத்து மூடிவிடுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பத்துக்கு மேல் வெள்ளை முனை விட்டால் உறக்கம் தெளிந்துவிட்டது, பாத்தி போடலாம். மூன்று நான்குதான் வந்தது என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம், அல்லது வெந்நீர் வைத்தியம் செய்யலாம். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 50 டிகிரி சூடு வரும். அதில் விதையை ஐந்து பத்து நிமிடம் போட்டுவிட்டு, வடித்து, சாதாரணத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் நிழலில் பரப்பி மேல் ஈரம் போனதும் விதைத்துவிட வேண்டும். கொதிக்கிற தண்ணீரை அப்படியே விதை மேல் ஊற்றினால் விதை வெந்துபோகும். புது விதைக்கு இந்த வெந்நீர் ஓரளவுதான் உதவும். பாதி தெளிந்த விதையைத்தான் நன்றாக எழுப்பிவிடுகிறது.

சரி, நாற்றங்கால். ஒரு ஹெக்டேர் நட நாற்று விடுவதற்கே ஏறக்குறைய அரைக்கிலோ விதை போதும் என்றால், வீட்டுக்கு ஒரு சிட்டிகை கூட அதிகம். ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டோ, கீழே ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியோ எடுத்துக்கொள்ளலாம். தரையில் என்றால் ஒரு சாண் உயரம் மேட்டுப்பாத்தி. செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. மக்காத சாணி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் வருகிற சூடும் புழுவும் இந்தச் சின்ன நாற்றைத் தின்றுவிடும். உரத்தோடு கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்திருந்து போட்டால் நாற்றழுகல் பெருமளவு குறையும். சாரல் காலத்தில் நாற்று விடுகிற எங்களுக்கு இது தப்பாமல் செய்ய வேண்டிய வேலை.

விதையைத் தனியாகத் தூவினால் ஒரே இடத்தில் குவியும். நாலைந்து பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மேலே சலித்த மணலோ உரமோ விதை மறையும் அளவுக்குத்தான். ஆழப் புதைத்தால் வராது. பிறகு வைக்கோலை மெல்லிசாகப் பரப்பி, பூவாளியால் தெளிக்க வேண்டும். குழாயை நேராகப் பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். நேர் வெயில் படாமல் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

முளைத்து மூன்றாவது வாரம் வரைக்கும்தான் பயம். முதல் இரண்டு இலை வட்டமாக, நகக்கண் அளவுகூட இருக்காது. அதே மண்ணில் களையும் கூடவே முளைக்கும். எது எது என்று தெரியாமல் பிடுங்கக் கூடாது. அடுத்த ஜோடி இலை வரட்டும். நீண்டு, ஓரம் மழுங்கி, கரும்பச்சையாக எதிரெதிரே வருவது நிலவேம்பு. அதற்குள் தண்டிலும் பட்டை தெரிய ஆரம்பித்திருக்கும். நாற்று அடியில் கறுத்துச் சாய்ந்தால் அது அழுகல். உடனே அந்த இடத்து மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரைக் குறைத்து, கீற்றை விலக்கிக் காற்றோட்டம் விடுங்கள். மாலையில் தண்ணீர் விடுகிற பழக்கத்தையும் நிறுத்திக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஈரமாக நிற்கிற நாற்றில்தான் அழுகல் பரவுகிறது.

நாற்று ஒரு சாண் எட்டுகிற சமயம், அதாவது விதைத்து ஐந்தாறு வாரத்தில், பிடுங்கி நடலாம். முன்பே பாத்தியை நனைத்துவிட்டு வேர் அறாமல் எடுக்க வேண்டும். சாயங்காலம் நட்டால் வாடாது. செடிக்குச் செடி ஓர் அடி விட்டால் நன்றாகப் பரவும். தொட்டி என்றால் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. முழு வெயிலிலும் வரும், தென்னைக்கு அடியில் சிதறிய நிழலிலும் வரும். எங்கள் வீட்டில் தென்னைக்கும் கொய்யாவுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அங்கே இலை பெரிசாகவும் பச்சையாகவும் இருக்கிறது. வேரில் தண்ணீர் தேங்குவது மட்டும் இதற்கு ஆகாது. நட்டு ஒரு மாதம் வரை களை எடுத்துவிட்டால், அப்புறம் செடியே படர்ந்து மற்றதை அமுக்கிவிடும். பூச்சித் தொல்லை எனக்குப் பெரிதாக வந்ததில்லை. எங்கள் வீட்டு ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். உரமும் பெரிதாக வேண்டாம், இரண்டு முறை மண்புழு உரம் ஒரு கைப்பிடி வைத்தால் போதும்.

அறுவடைக்கு நேரம் உண்டு. செடி முதல் பூ விடத் தொடங்கும்போது இலையில் கசப்புச் சத்து உச்சத்தில் இருக்கும். நட்டு மூன்று, நான்கு மாதத்தில் அந்தக் கட்டம் வந்துவிடும். காய் பிடித்து இலை உதிரத் தொடங்கிய பிறகு அறுத்தால் தண்டுதான் மிஞ்சும். 2012இல் எனக்குக் கிடைத்த பொட்டலம் அப்படி அறுத்ததாகத்தான் இருக்க வேண்டும். வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்த்து இன்னொரு சின்ன அறுவடை கிடைக்கும்.

எங்கள் ஊரில் சிக்கல் என்னவென்றால், பூ வருவது ஐப்பசி, கார்த்திகை. அதுதான் அடைமழைக் காலம். நிழலில் உலர்த்தினால் பூசணம் பிடிக்கும், வெயிலே இருக்காது. இதற்கு நான் கண்ட வழி, இரண்டு மூன்று நாள் மழை ஓய்கிற இடைவெளி பார்த்து, வெயில் ஏறி இலை ஈரம் போன பிறகு அறுப்பது. கைப்பிடி கனத்துக்கு மேல் கட்டு கட்டக் கூடாது. தார்சாவில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, ராத்திரி மின்விசிறியை ஓடவிடுவேன். கட்டுக்குள்ளே விரலை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கக் கூடாது. இருந்தால் உடனே பிரித்து நூல் கட்டிலில் பரப்பிவிட வேண்டும். இலை கையில் நொறுங்கினால் பதம். நிறம் பச்சையாகவே நிற்க வேண்டும். பழுப்போ கறுப்போ ஏறியதை மருந்துக்கு வைப்பதில்லை. காய்ந்ததை முழு இலையாகவே டப்பாவில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது இடிப்பதுதான் நல்லது. பொடியாக வைத்தால் சீக்கிரம் வீரியம் இழக்கும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதும் பிறகு யாருக்கும் தெரியாது.

செடி கையில் இருப்பதாலேயே நாம் வைத்தியராகிவிட மாட்டோம். இதை நான் விதை கொடுக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பை மட்டும் காய்ச்சுவது இல்லை. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்பாடகம், இவற்றோடு நிலவேம்பும் சேர்த்து ஒன்பது சரக்கு. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் இதைக் குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். டெங்குவில் நிலைமை சில மணி நேரத்தில் மாறும் என்பதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறியாநங்கை நின்றால் பாம்பு அண்டாது என்று எங்கள் பக்கத்தில் பலரும் வாசலில் வைக்கிறார்கள். என் நிலவேம்புப் பாத்திக்குள் சாரைப்பாம்பு நிதானமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பாம்பு கடித்தவருக்கு இந்த இலையை அரைத்துக் கொடுத்துவிட்டு நேரத்தைக் கடத்துவது உயிரைப் பணயம் வைப்பது. கடித்தால் விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்கு ஓடுவதுதான் வழி.

கேட்பவர்களுக்கு நான் இரண்டு விதமாகக் கொடுக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு விதை. பொட்டலத்தின் மேல் எடுத்த மாதத்தையும், ஆனிக்கு முன் விதைக்க வேண்டாம் என்பதையும் எழுதித்தான் தருவேன். மழைக்காலம் மாறுகிற ஊர்களில் இருப்பவர்கள் விதை எடுத்த மாதத்திலிருந்து ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டு, அதற்கப்புறம் வருகிற நல்ல மழைக்கு விதைக்கலாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாற்று. தாய்ச்செடிக்கு அடியில் ஆடியில் தானாக வருகிற நாற்றைப் போல உறுதியானது நாம் விடுகிற நாற்றங்காலில் கூட வருவதில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மதினிமார் கொட்டானோடு வந்து, மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போவார்கள். அதற்காகவே அந்த இடத்தை மாசியிலிருந்து ஆடி வரைக்கும் கொத்துவதில்லை. கொல்லை வேலைக்கு வருகிற அண்ணாச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கு மூலையிலும் குச்சி ஊன்றியிருக்கும், அதற்குள் மம்பட்டி போடக் கூடாது. வெறும் கட்டாந்தரையாகத் தெரியும், சருகு கிடக்கும், பார்ப்பவர்கள் ஏன் சும்மா போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். விதை கிடக்கிறது என்று சொல்வேன்.

இப்போது தை பாதி. சிவப்பு நூல் கட்டின செடிகளில் அடிக்காய்கள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, நுனிக் காய்கள் மஞ்சள் பிடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றையும் பறித்துத் துணி கட்டி வைத்துவிட்டால் ஆனி வரைக்கும் நிலவேம்புக்கு வேலை இல்லை.